அருங்காட்சியகங்கள் இணையத்தில் உண்மையில் எதைப் பகிர்கின்றன?

கேள்வி இது: "அருங்காட்சியகங்கள் தங்களிடம் உள்ள பண்பாட்டுச் செல்வங்களை இணையம் வழியாக எப்படி மக்களிடம் கொண்டுசேர்க்கின்றன? எல்லாவற்றையும் இணையத்தில் போட்டுவிட்டால் நேரில் யார் வருவார்கள்? சாதாரண வாசகருக்கு இதனால் என்ன பயன்?"

ஓர் அருங்காட்சியகத்தின் இணையதளத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது பார்வை நேரம், டிக்கெட் விலை, நடப்புக் கண்காட்சியின் விளம்பரம். அடுத்து, அறை அறையாகச் சுற்றிக் காட்டும் மெய்நிகர் உலா இருக்கும். பெரும்பாலானோர் அதோடு திரும்பிவிடுகிறார்கள். 'சேகரிப்பில் தேடுக' என்று ஓரத்தில் ஒரு பெட்டி இருக்கும், அதைத் தொடுவோர் குறைவு. என் பதில் அந்தப் பெட்டியைப் பற்றியதுதான். அதன் பின்னால் ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பக்கம் உண்டு: படம், பதிவெண், எதனால் ஆனது, எவ்வளவு உயரம், எந்தக் காலம், எந்த ஊர், யாரிடமிருந்து எந்த ஆண்டு வந்தது. ஓர் அருங்காட்சியகத்தின் இணையப் பணியை அந்தப் பக்கத்தை வைத்துத்தான் எடைபோடுவேன். படம் பெரிதாக இருக்கிறதா, எடுத்துப் பயன்படுத்த விடுகிறார்களா, பொருள் வந்த வழியை ஒளிக்காமல் சொல்கிறார்களா என்று பார்ப்பேன். இவை இருந்தால், அருங்காட்சியகமே நினைத்துப் பார்க்காத வேலைகளை வெளியே இருப்பவர்கள் செய்துகாட்டுவார்கள்.

இதை நன்றாகச் செய்தவர்களில் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தை முதலில் சொல்வேன். நெதர்லாந்தின் தேசிய அருங்காட்சியகம் அது. ரெம்பிராண்ட், வெர்மீர் ஓவியங்களுக்குப் பேர்போன இடம். புதுப்பிப்புப் பணிக்காக 2003இல் கட்டடத்தின் பெரும்பகுதியை மூடினார்கள். மறுபடி முழுமையாகத் திறக்கப் பத்து ஆண்டுகள் ஆயின. திறப்பு விழாவுக்குச் சில மாதங்கள் முன்பு, 2012 அக்டோபரில், 'ரைக்ஸ்ஸ்டுடியோ' என்ற பெயரில் 1,25,000 கலைப்பொருள்களின் உயர்தரப் படங்களை இணையத்தில் வைத்தார்கள். பார்த்துவிட்டுப் போவதற்கு மட்டும் என்றில்லை. இறக்கிக்கொள்ளலாம், வேண்டிய பகுதியை வெட்டிக்கொள்ளலாம், துணியில் அச்சிட்டு விற்கவும் செய்யலாம். காப்புரிமைக் காலம் முடிந்த படைப்புகள் எல்லோருக்கும் சொந்தம், அவற்றைப் படம் எடுத்ததால் மட்டும் அருங்காட்சியகத்துக்குப் புதிய உரிமை வந்துவிடாது என்ற நிலைப்பாட்டை அவர்கள் எடுத்தார்கள். 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் காப்புரிமை நெறிமுறையே ஏறக்குறைய இதைச் சட்டமாக்கியது.

இந்தத் தாராளத்தின் பின்னால் ஒரு சிறிய ஓவியத்தின் கதை இருக்கிறது. வெர்மீரின் 'பால் ஊற்றும் பெண்', 45.5க்கு 41 சென்டிமீட்டர். மஞ்சள் ரவிக்கையும் நீல மேல்துணியுமாக ஒரு பணிப்பெண், சன்னல் வெளிச்சத்தில் நின்று, மண் பாத்திரத்தில் பால் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். இந்த ஓவியத்துக்கு இணையத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நகல்கள் உலவுவதை அருங்காட்சியகம் கண்டறிந்தது. அவற்றில் பெரும்பாலானவை மஞ்சள் பூத்துப்போன மட்டமான நகல்கள். அவற்றையே பார்த்துப் பழகிய மக்கள், அருங்காட்சியகக் கடையில் விற்ற சரியான நிறமுள்ள அஞ்சலட்டையை 'இது அசல் போல இல்லையே' என்று சந்தேகப்பட்டார்கள். அசல் ஓவியம் அதே நிறுவனத்தின் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது! நல்ல படத்தைப் பூட்டி வைத்தால் கெட்ட படம்தான் ஊரை ஆளும் என்பது அவர்களுக்குப் புரிந்தது. ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் கூட்டுத் தளமான யூரோப்பியானா இந்தச் சங்கதியை 2011இல் வெளியிட்ட பிறகு, 'மஞ்சள் பால்காரி' என்றாலே இத்துறையினருக்கு என்னவென்று விளங்கிவிடும்.

படம் விற்று வரும் காசு போய்விடுமே என்ற அச்சம் எல்லா நிறுவனங்களுக்கும் உண்டு. ரைக்ஸ்மியூசியமும் தொடக்கத்தில் நடுத்தர அளவுப் படத்தை இலவசமாகத் தந்து, மிகப் பெரிய கோப்புக்கு மட்டும் கட்டணம் வாங்கியது. மொத்த வருமானத்தில் அந்தத் தொகை துளியளவுதான் என்பதால் பிறகு அதையும் விட்டுவிட்டது. படங்களை வைத்துப் புதிதாக எதையாவது உருவாக்குபவர்களுக்கு ஒரு பரிசுப் போட்டியையும் ஏற்படுத்தியது. 2017இல் அந்தப் பரிசைப் பெற்றவை, உருவப்பட ஓவியங்களின் கண்களை அச்சிட்ட உறக்கக் கண்பட்டைகள். நேரில் வருவோர் குறைந்தார்களா என்றால், திறந்த மறு ஆண்டான 2014இல் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். புதுப் பொலிவு பெற்ற கட்டடத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் இணையப் படங்கள் கூட்டத்தைக் கெடுத்தன என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. படத்தில் பார்த்துப் பழகிய ஒன்றைத்தானே நேரில் பார்க்க மனம் துடிக்கிறது?

எவ்வளவு பெரிய படம் என்று கேட்கலாம். ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஏறக்குறைய மூன்றே முக்கால் மீட்டர் உயரமும் நான்கரை மீட்டர் அகலமும் கொண்டது. 2022 ஜனவரியில் அதன் புதிய படத்தை வெளியிட்டார்கள். தனித்தனியாக எடுத்த 8,439 புகைப்படங்களை ஒட்டிச் சேர்த்ததில் 71,700 கோடி படப்புள்ளிகள் கிடைத்தன. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே ஓவியத்தின் மேல் உள்ள தூரம் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு, அதாவது மனிதனின் சிவப்பு அணுவை விடச் சிறிது. நடுவில் நிற்கும் படைத்தலைவரின் முகத்தை நோக்கிப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். முதலில் முகம், பிறகு கண், பிறகு கண்ணில் வைத்த வெள்ளைப் பொட்டு. இன்னும் போனால் அந்தப் பொட்டும் கரைந்து, காய்ந்த குளத்துச் சேறு போல வெடித்த வண்ணப்படலமும், அதில் பதிந்த நிறத்துகள்களும் தெரியும். அரங்கில் கயிற்றுக்கு அப்பால் நிற்கும் பார்வையாளருக்கு இந்தக் காட்சி ஒருநாளும் கிடைக்காது.

இவ்வளவு பெரிய கோப்பைச் சாதாரணக் கைப்பேசியில் எப்படிப் பார்க்க முடிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். படத்தைப் பல அளவுகளில் தயாரித்து, ஒவ்வோர் அளவையும் சிறு சதுரங்களாக நறுக்கி வைத்திருப்பார்கள். நீங்கள் பார்க்கும் மூலைக்கு வேண்டிய சதுரங்கள் மட்டும் உங்கள் திரைக்கு வரும். இப்படிப் படம் பரிமாறுவதற்கு டிரிபிள் ஐ எஃப் என்ற பொது நெறி ஒன்று இருக்கிறது. இதைப் பின்பற்றும் இரண்டு நிறுவனங்களின் படங்களை ஒரே திரையில் அருகருகே திறக்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி சர் வால்டர் எலியட் 1845இல் தோண்டியெடுத்துச் சென்னைக்குக் கொண்டுவந்த, ஆந்திரத்து அமராவதிப் பௌத்தத் தூபியின் சிற்பங்களில் ஒரு பகுதி எழும்பூரில் இருக்கிறது. மற்றொரு பகுதி 1859இல் கப்பலேறி, இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஒரே தூபியின் கற்கள் இரண்டு கண்டங்களில் கிடக்கும்போது, அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்க வேறு வழி ஏது?

ரைக்ஸ்மியூசியத்தில் நமக்கு நெருக்கமான ஒரு பக்கமும் உண்டு. பதிவெண் ஏகே-மேக்-187. பன்னிரண்டாம் நூற்றாண்டு நடராஜர், தமிழ்நாடு. ஒன்றரை மீட்டருக்குச் சற்றே கூடுதல் உயரம், சுமார் 300 கிலோ எடை. ஆசியக் கலை நண்பர்கள் சங்கம் 1935இல் வாங்கி, அருங்காட்சியகத்தில் இரவலாக வைத்திருக்கிறது. திருவாசியின் சுடர்கள், விரிசடை, காலடியில் முயலகன் என்று ஒவ்வொன்றையும் நெருங்கிப் பார்க்கலாம். உள்ளே குழிவா, கனவார்ப்பா (உள்ளும் கெட்டியாக வார்த்ததா) என்று அறிய, ரோட்டர்டாம் துறைமுகத்தில் சரக்குப் பெட்டகங்களைச் சோதிக்கும் எக்ஸ்ரே கருவிக்குள் இந்த நடராஜரை அனுப்பியிருக்கிறார்கள். முழுக்கவும் கனவார்ப்பு என்று தெரிந்தது. நம் ஸ்தபதிகளுக்கு இது வியப்பான செய்தியாக இருக்காது.

இப்படி ஒரு பக்கத்தைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு உடனே எழும் கேள்வி ஒன்றுதான்: நம் ஊரிலிருந்து இவர் எப்படி அங்கே போனார்? ஆகவே, பொருள் கைமாறி வந்த வரலாற்றை வெளியிடுவதை எல்லாவற்றையும் விட முக்கியமாக நினைக்கிறேன். இதில் உலகத்துக்கே பாடமான இரண்டு வழக்குகள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் சாவி புதுச்சேரியில் இருந்தது.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955இல் தொடங்கியது. அடுத்த ஆண்டிலிருந்தே அதன் புகைப்படக்காரர்கள் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போய், கல்லையும் செம்பையும் கருப்பு வெள்ளையில் பதிவுசெய்யத் தொடங்கினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. கலை வரலாறு எழுதுவதற்காக எடுத்த படங்கள் அவை. பிற்காலத்தில் நீதிமன்றச் சான்றாகும் என்று எடுத்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் ஒரு சோழர் கால நடராஜரை 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. விற்றவர் நியூயார்க்கில் கலைப்பொருள் கடை நடத்திய சுபாஷ் கபூர். 2011இல் அவர் ஜெர்மனியில் கைதானார். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராஜரைப் பிரெஞ்சு நிறுவனத்தார் 1994இல் படம் எடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் படத்தையும் கலைக்கூடத்தின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆர்வலர்களும் செய்தியாளர்களும் ஒப்பிட்டுக் காட்டினார்கள். இங்கே நம் வார்ப்புக் கலையே சாட்சி சொல்கிறது. மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகத்தை ஊற்றி, கடைசியில் மண் அச்சை உடைத்துத்தான் திருமேனியை வெளியே எடுக்கிறார்கள். அச்சு போய்விடுவதால் அச்சு அசலாக இன்னொன்று பிறக்க வழியில்லை. ஒரு சுடரின் வளைவு, ஒரு விரலின் தேய்மானம், பீடத்தின் ஒரு வடு போதும், இவர்தான் அவர் என்று சொல்ல. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட் டெல்லியில் அந்த நடராஜரைத் திருப்பி ஒப்படைத்தார். அதன் பின் கான்பெரா கலைக்கூடம் தன் ஆசியச் சேகரிப்பு முழுவதன் வரலாற்றையும் தோண்டத் தொடங்கி, 2021இல் மேலும் 14 பொருள்களை இந்தியாவுக்குத் திருப்பித் தருவதாக அறிவித்தது.

இரண்டாவது வழக்கு ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம். 1967இல் லண்டன் ஏலத்தில் முறையாக வாங்கிய திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனி அங்கே இருந்தது. பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 2019இல் தனி ஆய்வாளர் ஒருவர் அருங்காட்சியகத்துக்கு ஒரு தகவல் அனுப்பினார்: இதே ஆழ்வார் 1957இல் கும்பகோணம் அருகே சுந்தரப்பெருமாள்கோவில் சௌந்தரராஜப் பெருமாள் சன்னிதியில் இருந்ததைப் புதுச்சேரிப் படம் காட்டுகிறது என்று. அருங்காட்சியகம் மறைக்கவில்லை. தானே இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவித்தது. 2024 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக மன்றம் திருப்பித் தருவதற்கு ஒப்புதல் அளித்தது. ஊரில் இருந்தது போலி என்பதும் விசாரணையில் தெரியவந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக ஊர் மக்கள் கும்பிட்டு வந்தது ஒரு நகலை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. ஒரு பழைய படமும் ஒரு அருங்காட்சியகப் பதிவும் ஒரே ஆள் கண்ணில் பட்டதால் இந்த உண்மை வெளிவந்தது.

பதிவு இல்லாத பொருளுக்கு என்ன ஆகும் என்பதை லண்டன் காட்டியது. 2023 ஆகஸ்டில் பிரிட்டிஷ் மியூசியம், தன் கிடங்கிலிருந்து சுமார் 2,000 பொருள்கள் காணாமலோ, களவு போயோ, சேதமாகியோ இருப்பதாக ஒப்புக்கொண்டது. பெரும்பாலும் நகைகளும் இழைத்த சிறு மணிகளும். அவற்றில் பல முறையாகப் பட்டியலிடப்படாதவை, படம் எடுக்கப்படாதவை. படம் இல்லாத மணியை இணையச் சந்தையில் விற்றால் யார் அடையாளம் காண்பது? இரண்டே மாதத்தில் அந்த நிறுவனம், ஐந்து ஆண்டுகளுக்குள் தன் சேகரிப்பு முழுவதையும் இணையத்தில் ஏற்றுவதாகவும், அதற்காக 24 லட்சம் பதிவுகளைப் புதிதாக ஏற்றவோ திருத்தவோ வேண்டும் என்றும் அறிவித்தது. பகிர்வது பெருந்தன்மை என்று நினைத்தவர்களுக்கு, அது காவலும்கூட என்று அந்தக் களவு கற்றுக்கொடுத்தது. ரியோ டி ஜனைரோவில் 2018 செப்டம்பர் 2ஆம் தேதி இரவு பிரேசில் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோதும் இதே கதைதான். மாணவர்கள் பொதுமக்களிடம் கெஞ்சி, பார்வையாளர்கள் எடுத்த படங்களைச் சேகரிக்க வேண்டியதாயிற்று.

மற்ற பெரிய நிறுவனங்களைப் பற்றிச் சுருக்கமாக. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் 2017இல் சுமார் 3,75,000 படங்களையும், வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் 2020இல் 28 லட்சம் படங்களையும் முப்பரிமாணக் கோப்புகளையும் எந்த நிபந்தனையும் இன்றித் திறந்துவிட்டன. பாரீஸின் லூவ்ர் 2021இல் ஏறக்குறைய ஐந்து லட்சம் பதிவுகளை வெளியிட்டது. கதவைச் சாத்திக்கொண்டவர்களும் உண்டு. பெர்லினில் உள்ள எகிப்திய அரசி நெஃபர்டிட்டியின் மார்பளவுச் சிலையின் முப்பரிமாணக் கோப்பைப் பெற, அமெரிக்கக் கலைஞர் ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று ஆண்டுகள் போராடினார். 2019இல் கோப்பு வெளியே வந்தபோது, அந்த மெய்நிகர் சிலையின் அடியில் உரிம வாசகத்தைப் பொறித்து வைத்திருந்தார்கள்! மூவாயிரம் ஆண்டுக்கு மேல் பழமையான சிலையின் நகலில் இன்றைய உரிம எழுத்து. எனக்கு இது ஏற்கவே முடியாத செயல்.

எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு பழங்குடியினர், தங்கள் முன்னோரின் படங்கள் இணையத்தில் தாறுமாறாகக் கிடப்பதை விரும்பவில்லை. இறந்தவரின் உருவத்தைக் காட்டுவதற்கு அவர்களிடம் கட்டுப்பாடு உண்டு. சில சடங்குப் பொருள்களை ஆண்கள் மட்டுமோ பெண்கள் மட்டுமோ பார்க்கலாம். அவர்களோடு அமர்ந்து உருவாக்கிய முகுர்ட்டு என்ற மென்பொருள், யார் எதைப் பார்க்கலாம் என்பதை அந்தச் சமூகமே முடிவுசெய்ய வழி தருகிறது. இதைப் படித்தபோது நம் உற்சவர்களை நினைத்தேன். கோயிலில் பட்டும் மாலையும் இல்லாமல் நாம் பார்க்காத திருமேனியை, அருங்காட்சியகப் படத்தில் வெறும் உலோகமாகப் பார்க்கிறோம். படத்தை எடுத்துவிடச் சொல்லமாட்டேன், அது இல்லாவிட்டால் ஸ்ரீபுரந்தான் நடராஜர் திரும்பியிருக்க மாட்டார். ஆனால் இது வழிபாட்டில் இருந்த மூர்த்தி, இப்படி அலங்கரித்து இன்னின்ன திருவிழாவில் எழுந்தருளியது என்ற செய்தியும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.

இந்தியாவிலும் வேலை நடக்கிறது. புனேயில் உள்ள மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய 'ஜதன்' மென்பொருளைக் கொண்டு, டெல்லி தேசிய அருங்காட்சியகம், கொல்கத்தா இந்திய அருங்காட்சியகம், ஹைதராபாத் சாலார் ஜங் முதலியவற்றின் பொருள்களை மத்திய அரசு ஒரே தளத்தில் ஏற்றி வருகிறது. 1851இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளை, திருவாலங்காட்டு நடராஜரை, 'இரவுக் காவல்' அளவுக்கு நெருங்கிப் பார்க்கும் நாளை எதிர்பார்க்கிறேன். விவரம் முழுவதும் தமிழில் இருக்க வேண்டும். கண்டெடுத்த ஊர், ஆண்டு, புதையலா நன்கொடையா என்பதெல்லாம் ஒரு வரி விடாமல் வர வேண்டும். மாவட்ட அருங்காட்சியகங்களில் மேசை இழுப்பறைக்குள் கிடக்கும் நாணயமும் நடுகல்லின் அச்சுப் படியும்கூட வர வேண்டும். களவு போவது பெரும்பாலும் யாரும் கவனிக்காத சின்னப் பொருள்தான்.

வாசகருக்கு என்ன பயன் என்ற கடைசிக் கேள்விக்கு, எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்வதே பதில். தேடும்போது 'சோழர்' என்று மட்டும் போடாமல் மாவட்டப் பெயர், பழைய ஆங்கிலேய எழுத்துக்கூட்டலில் ஊர்ப்பெயர் எல்லாம் போட்டுப் பாருங்கள். தஞ்சாவூர் பழைய பதிவுகளில் டாஞ்சூர்தான். பொருள் கிடைத்தால் பதிவெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், இணைய முகவரி மாறினாலும் எண் மாறாது. உரிம வரியைப் படியுங்கள். 'சிசி ஜீரோ' என்றோ 'பப்ளிக் டொமைன்' என்றோ இருந்தால் பாடநூலிலும் கோயில் மலரிலும் தாராளமாக அச்சிடலாம், ஆனாலும் அருங்காட்சியகத்தின் பெயரையும் எண்ணையும் போடுவது மரியாதை. உங்கள் ஊரைப் பற்றித் தவறான விவரம் கண்டால் பதிவாளருக்கு எழுதுங்கள். தெய்வத்தின் பெயரையே மாற்றிப் போட்டிருக்கும் பதிவுகள் உண்டு, தகுந்த சான்றோடு எழுதினால் திருத்துகிறார்கள். வீட்டில் பழைய திருவிழாப் படம் இருந்தால், அதில் உற்சவர் தெரிந்தால், நல்ல தரத்தில் ஸ்கேன் செய்து வையுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும்.